பழையபேட்டையில் நூறாண்டுத் தொட்டிக்கட்டு வீடு: இடிப்பதா, குடியிருக்க ஏற்றபடி ஆக்குவதா?

பேட்டைவாசி எழுதியது:

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில், மலைக்கோட்டை அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காலத்தில் கட்டியது. தெருவைப் பார்த்து இரண்டு திண்ணை, அடுத்து நடை, நடுவில் வானம் பார்த்த தொட்டி, அதைச் சுற்றித் தாழ்வாரம், இரண்டு அறைகள், பின்கட்டில் சமையலறை, புழக்கடையில் சேந்துகிணறும் மாட்டுக் கொட்டகையும். சுவர்கள் கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியவை. மேலே மங்களூர் ஓடு. தாழ்வாரத்தை நான்கு ஒற்றைக்கல் தூண்கள் தாங்குகின்றன.

அம்மா அங்கே தனியாக இருக்கிறார்; முழங்கால் வலி. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஓசூரில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லோரும் அம்மாவோடு சேர்ந்து இந்த வீட்டில் குடியேற விரும்புகிறோம். தம்பியோ, "இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே வீடு என்று கட்டுவோம்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முன்பு வாடகைக்கு இருந்தவர் உள்சுவர்களில் சிமெண்ட் பூசியிருக்கிறார். அந்தப் பூச்சில் இடுப்பளவு உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்து விழுகிறது. தொட்டியின் வடகிழக்கு மூலையில் ஒழுகுகிறது. அறையின் உத்திரம் ஒன்றில் கரையான். கழிவறை புழக்கடைக் கோடியில் இருக்கிறது. தெருவில் ரோடு போட்டுப் போட்டு, திண்ணையின் முதல் படி மண்ணுக்குள் போய்விட்டது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகள் வளரும் வீடாக மாற்ற முடியுமா?

மாந்தோப்பு எழுதியது:

பாசம் புரிகிறது. ஆனாலும் இடிப்பதே நல்லது என்பேன். ஓட்டு வீட்டுக்கு ஆண்டுதோறும் செலவு உண்டு. ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். சித்திரை பிறந்து மாங்காய் இறங்கத் தொடங்கினால் இருக்கிற ஆட்களும் தோப்புக்குப் போய்விடுவார்கள். மலையடிவாரம் என்கிறீர்கள், குரங்குகள் ஓட்டைப் புரட்டாமல் விடுமா? காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா வீட்டில் இதே கதைதான். ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஏணி வைத்து ஏறி, கடைசியில் வயதாகி ஏற முடியாமல் போனபின் தகரம் போட்டார்கள். வெயிலில் அந்த வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. கான்கிரீட் தளம் போட்டால் இருபது வருடம் கவலை இல்லை. தம்பிக்கும் பங்கு கிடைக்கும். பெரியவர்கள் கட்டியது அவர்கள் வாழ்க்கைக்கு. நம் வாழ்க்கைக்கு நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஓசூர் கட்டுமானி எழுதியது:

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இடிக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் தூரத்தை அளந்து பாருங்கள்.

கிருஷ்ணகிரிக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டருக்குள் புதிய கட்டடத்துக்கு இடமில்லை. 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே இருக்கிற வீடாக இருந்தால் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். இடித்துவிட்டுத் திரும்பக் கட்டுவதை அந்தப் பகுதியில் பழுதுபார்ப்பாகக் கருதமாட்டார்கள். ஆசைப்பட்டு இடித்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது காலி மனை. இருக்கிற வீட்டை ஓர் அடி நீட்டினாலும் உயர்த்தினாலும் அதுவும் புதிய கட்டுமானக் கணக்கில்தான் சேரும். அடுத்த 200 மீட்டருக்குள் என்றால் அனுமதியோடு கட்டலாம், மாற்றலாம்.

மலையின் அடிவாரத்திலிருந்து அளக்க வேண்டுமா, மேலே இருக்கும் மதிலிலிருந்தா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாதுகாக்கப்பட்ட எல்லை புல எண்களில் வரையறுக்கப்பட்டிருக்கும். நில அளவை வரைபடத்தை வைத்துப் பார்த்து எழுத்தில் பதில் வாங்குங்கள். இராயக்கோட்டையில் மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதில் சுவர் சாய்வு, நீள வெடிப்பு என்று எதுவும் இல்லை. கருங்கல் சுவர் நேராக நிற்கிறது என்றால் மற்றவை எல்லாம் தீர்க்கக்கூடிய சங்கடங்கள். வெடிப்பு எங்காவது இருந்தால் அதன்மேல் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். ஒரு மழைக்காலம் முடிந்தபின் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்த வெடிப்பு பழையது, நகரவில்லை.

தகடூர் கொத்தனார் எழுதியது:

தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஒரே ஒரு நோய். அதன் பெயர் ஓதம். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

கல்லும் மண்சாந்தும் வைத்த சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். முன்னோர் அதைத் தடுக்க முயலவில்லை. ஏறிய ஈரம் சுவரின் முகம் வழியாக உலர்ந்துவிடும்படி சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. காலையில் ஈரம் வாங்கினால் வெயில் ஏற ஏறக் கொடுத்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் ஏது? மேலே மேலே ஏறும். கூடவே கரைந்து வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து, பூச்சையே சுவரிலிருந்து தள்ளிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சட்டி தட்டினாற்போல் 'டப் டப்' என்று கேட்கிற இடமெல்லாம் சிமெண்ட் ஏற்கெனவே சுவரை விட்டுவிட்டது. அந்தப் பூச்சைப் பெயர்த்துப் பின்பக்கத்தைத் தொட்டால் ஈர மண் கையில் வரும்.

அதனால் முதல் வேலை ரோட்டுத் தண்ணீர். தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது என்று பலர் உள்தரையை உயர்த்துகிறார்கள். வேண்டாம். நிலைக்கதவு குள்ளமாகும், காற்று அடைபடும், ஈரம் இன்னும் ஓரடி உயரத்துக்கு ஏறும். திண்ணையை ஒட்டி, தெருவுக்கும் சுவருக்கும் நடுவில், வீட்டின் அகலத்துக்கு ஓர் ஓடை எடுத்துக் கல் பாவி, சரிவு பார்த்து நகராட்சிச் சாக்கடையில் சேருங்கள். மேலே பலகைக்கல் மூடி. நம் ஜில்லாவில் கல்லுக்குப் பஞ்சமா?

இரண்டாவது, உள்ளே இருக்கும் சிமெண்டை முழுக்க உரித்தெடுக்க வேண்டும். மின்சுத்தி வைத்து அடிக்கக் கூடாது; அதிர்ச்சியில் மண்சாந்து உதிர்ந்து கல் நெகிழும். உளியும் சுத்தியும் வைத்து, பலகை பலகையாகப் பெயர்க்க வேண்டும். உரித்த சுவரை ஒரு கோடை முழுக்க ஆறவிடுங்கள். உப்பு வெளியே பூக்கும். பூக்கப் பூக்க உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும்.

அதற்குப் பிறகுதான் பூச்சு. சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டு நீற்ற வேண்டும். போட்டவுடன் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். நீறிய சுண்ணாம்பை வடிகட்டி, சில வாரங்கள் தண்ணீருக்கு அடியில் கிடக்கவிட்டால் வெண்ணெய் பதத்துக்கு வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரை விட்டு அரைக்க வேண்டும். ஒரு கைக்கு அரை அங்குலத்துக்கு மேல் பூசக் கூடாது. முதல் கை இறுகியபின் இரண்டாவது கை. ஈரச் சாக்குப் போட்டு வெயில் படாமல் காப்பாற்ற வேண்டும். சிமெண்டை நாற்பது வருடங்களாகப் பூசுகிறேன், அது நல்ல பொருள். கான்கிரீட்டுக்கு ஏற்றது. மண்சாந்துச் சுவருக்கு அது ஆகாது.

பேட்டைவாசி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி தட்டிப் பார்த்தேன். நடையிலும் தெற்கு அறையிலும் இடுப்புக்குக் கீழே முழுவதும் 'டப் டப்' என்றே ஒலிக்கிறது. ஓரிடத்தில் பூச்சு கையோடு வந்துவிட்டது. பின்னால் பழைய சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் கொத்துக்கொத்தாகப் பள்ளம் போட்டிருக்கிறார்கள்.

கட்டுமானி சார், எல்லைக் கணக்கை விண்ணப்பம் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஒழுகும் மூலைக்கும் கரையான் உத்திரத்துக்கும் என்ன செய்வது?

தேன்கனிக்கோட்டை தச்சன் எழுதியது:

கொத்தியிருப்பது சிமெண்ட் பிடிக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பழைய பூச்சு உறுதியாக இருக்கும் இடத்தில் உரிக்காதீர்கள், அதன்மேலேயே சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும்.

தொட்டிக்கட்டு வீட்டில் ஒழுக்கு எங்கே என்று கேட்டால் நேரில் பார்க்காமலேயே சொல்லலாம்: இரண்டு கூரைகள் வந்து சேரும் உள்மூலை. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அங்கேதான் ஓடி வரும். அதில் போட்டிருக்கும் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது ஓட்டுத்தூளும் சருகும் அடைத்துத் தண்ணீர் வழிந்திருக்கும். ஓடுகளை இறக்கி, மூலைக்கட்டையைப் பார்த்து, கனமான தகரம் அகலமாகப் போட வேண்டும். அலுமினியத் தகடு போட்டால் சுண்ணாம்புச் சாந்து அதில் படக் கூடாது, அரித்துவிடும்.

ஓடு இறக்கும்போது ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பினர் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை 1865இல் தொடங்கினார்கள். அதன்பிறகு பல பேர் தொடங்கினார்கள். ஒரே பெயர் போட்டவற்றை ஒரே பக்கக் கூரைக்கு அடுக்கிவையுங்கள். வேறு வேறு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று கவ்வாது. அந்த இடைவெளியில் சாரல் நுழையும். பல ஓடுகளில் அடியில் கம்பி கட்டத் துளையோடு ஒரு மூக்கும் இருக்கும். மாந்தோப்பு அண்ணன் கேட்ட குரங்குக்கு அதுதான் விடை. விளிம்பில் இருக்கும் இரண்டு மூன்று வரிசையையும் முகட்டையும் செம்புக்கம்பியால், ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டிவிட்டால் புரட்ட முடியாது. முழுக் கூரையையும் கட்ட வேண்டியதில்லை.

உத்திரத்துக்கு வருவோம். கரையான் தெரிகிற இடத்தைவிட முக்கியமானது, உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடம். அங்கே ஒரு திருப்புளியை வைத்து அழுத்துங்கள். கால் அங்குலம் இறங்கினால் பரவாயில்லை, மேல்மரம் மட்டும்தான். கைப்பிடி வரை இறங்கினால் முனை போய்விட்டது. அப்போதும் முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, கெட்ட பாகத்தை அறுத்து, அதே சாதி மரத்தில் சாய்வெட்டாக வெட்டி இணைத்துப் போல்ட் போடலாம். சுவரில் திரும்பச் செருகும்போது முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி காற்றுக்கு விடுங்கள். சாந்து வைத்து அடைத்தால் பத்து வருடத்தில் மறுபடி இதே கதை.

இன்னொன்று. விறகடுப்பு இருந்தவரை புகை ஏறி மரத்தைப் பூச்சியிடமிருந்து காத்தது. கேஸ் வந்தபின் அந்தக் காவல் போயிற்று. மரத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இரண்டு மூன்று கை அடியுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கரையானுக்கு, சுவரும் தரையும் சேருமிடத்தில் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து இறக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கிணறு பக்கத்தில் இருப்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாரூர் மருமகள் எழுதியது:

எல்லோரும் சுவரையும் மரத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் கேட்கிறேன். பேட்டைவாசி, உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? பதிவில் அவர் எங்கே?

பழைய வீட்டின் அழகு திண்ணையிலும் தொட்டியிலும் இருக்கிறது. அந்த வீட்டின் கஷ்டம் பின்கட்டில் இருக்கிறது. குனிந்து நுழைய வேண்டிய சமையலறை, ஒரே ஒரு சின்னச் சன்னல், பகலிலும் விளக்கு, தரையில் உட்கார்ந்து அரைக்கவும் நறுக்கவும் ஏற்ற அமைப்பு. ராத்திரி கழிவறைக்குப் போக வேண்டுமானால் டார்ச் எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து, புழக்கடையைக் கடக்க வேண்டும். பிரசவித்த பெண்ணும் முழங்கால் வலிக்காரரும் மாதவிடாய்க் காலத்துப் பெண்பிள்ளையும் மழையில் நனைந்துகொண்டு போன வீடுகள் இவை. நான் போயிருக்கிறேன். இதைச் சரிசெய்யாமல் திண்ணைக்குச் சாந்து பூசினால் அந்த வீடு பார்க்க வருபவர்களுக்கு ஆகும், இருப்பவர்களுக்கு ஆகாது.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். சமையலறைச் சுவரில் பெரிய சன்னல் வெட்டலாமா என்று கேட்டோம். மண்சாந்துச் சுவரில் உத்திரத்துக்கு அடியில் வெட்டக் கூடாது என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். அதற்குப் பதில் கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டு, அதே அளவில் வரும் கண்ணாடி ஓடுகளைப் போட்டார். காலை ஆறரை மணிக்கு மேல் விளக்கே போடுவதில்லை. மேடையைச் சுவரில் பதிக்காமல், கல்கால் நிறுத்தி அதன்மேல் பலகைக்கல் வைத்தோம். பின்னால் சுவருக்கும் மேடைக்கும் ஒரு விரல் இடைவெளி. பாத்திரம் கழுவும் தொட்டியை மட்டும் வெளிச்சுவர்ப் பக்கம் தனியாக வைத்தோம். சிந்துகிற தண்ணீர் பழைய சுவரைத் தொடுவதே இல்லை. மேடை உயரத்தை என் முழங்கையை அளந்து வைத்தார்கள். அந்த வீட்டில் என் உடம்பை அளந்து செய்த முதல் பொருள் அது.

மாந்தோப்பு எழுதியது:

அக்கா சொன்னது மறுக்க முடியாத உண்மை. நான் இடிக்கச் சொன்னதற்கும் பாதிக் காரணம் அதுதான், என் அம்மா பட்ட பாடு கண்ணில் நிற்கிறது. சரி, இடிக்கவில்லை என்றால் தொட்டியையாவது மூடிவிடுங்கள். கொசு, தூசி, குரங்கு, திருட்டு எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மேலே கண்ணாடி நாரிழைத் தகடு போட்டால் வெளிச்சமும் கிடைக்கும், கூடம் ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கும்.

தகடூர் கொத்தனார் எழுதியது:

மூடாதீர்கள். சூடான காற்று மேலேறிப் போகும் வழி அது. மூடினால் சித்திரை வெயிலில் தாழ்வாரம் முழுக்க வெந்துவிடும், சுவரில் ஏறும் ஈரமும் வெளியே போகாது. கம்பி வலை போடுங்கள். இரும்புச் சட்டத்தில் வலையைப் பொருத்தி, கூரைக்கு மேலே ஓரடி உயரத்தில், தூண்களின் நேருக்குத் தாங்கு வைத்து நிறுத்தினால் குரங்கும் திருடனும் வரமாட்டார்கள். கொசுவுக்கு அறைகளின் சன்னலிலும் கதவிலும் வலை. தொட்டியில் தண்ணீர் தேங்காமல் போக்குக்குழாயைத் தூர்வாரி, வாயில் சல்லடை வையுங்கள். மழைச்சாரல் தாழ்வாரத்துக்குள் அடித்தால் மூங்கில் தட்டி கட்டிச் சுருட்டி இறக்கிக்கொள்ளலாம்.

ஓசூர் கட்டுமானி எழுதியது:

பாரூர் அக்கா சொன்ன "தண்ணீர் பழைய சுவரைத் தொடக்கூடாது" என்பதை நான் முழு வீட்டுக்குமான விதியாகவே வைப்பேன். குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர்த் தொட்டி நான்கையும் பழைய சுவர்களிலிருந்து பிரித்துவிடுங்கள். நல்ல வேளையாக உங்களிடம் மாட்டுக் கொட்டகை இருக்கிறது. பின்கட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் எத்தனை அடி? சிறிய தூரம்தான் என்றால், கொட்டகையின் அதே அளவுக்குள் இரண்டு குளியலறைகளை அமைத்து, மேலே கூரை போட்ட நடைபாதையால் பின்கட்டோடு சேர்க்கலாம். எல்லைக் கணக்கு எப்படி வந்தாலும், இருக்கிற கட்டடத்துக்குள் செய்கிற மாற்றத்துக்கு அனுமதி கேட்பது எளிது. நடைபாதையைப் புதிய கட்டுமானமாகப் பார்க்க இடமுண்டு, அதையும் விண்ணப்பத்தில் காட்டிவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியை ஓட்டுக்கூரைமேலோ பழைய சுவர்மேலோ ஏற்றவே கூடாது. 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. அதற்குத் தனியாகக் கால் நிறுத்துங்கள். சூரிய ஒளித் தகடு போடுவதாக இருந்தால் அதுவும் கொட்டகைப் பக்கமே இருக்கட்டும்.

மின்சாரத்தில் பழைய பலகை வயரிங் முழுவதையும் கழற்றிவிடுங்கள். சுவரைக் கீறிக் குழாய் பதிக்க வேண்டாம். தரையோரமும் உத்திரத்தின் மேல்பக்கமும் ஓட்டலாம், தேவைப்படும் இடத்தில் வெளியே தெரியும்படியே விடலாம். முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் கட்டாயம். இந்தக் கனமுள்ள கல்சுவரை வைஃபை தாண்டாது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் இருந்தால் அறைக்கு ஓர் இணையக் கம்பியை இப்போதே இழுத்துவிடுங்கள்.

கிணற்று நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கியது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 1.5 வரை. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். வளரும் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் சம்பந்தப்பட்டது. கிணற்றைத் தூர்வாரித் துவைக்கவும் செடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் குழாய் நீரும் கூரை மழைநீரும் போதும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். வீட்டின் நடுத்தொட்டிக்குள் வந்து விழும் தண்ணீரைத்தான் இதுவரை தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

பத்திரம் எழுதுபவன் எழுதியது:

வேலை தொடங்கும் முன் பங்கு விஷயத்தை முடித்துவிடுங்கள். தம்பியைப் பற்றி மட்டும் சொன்னீர்கள். உடன்பிறந்த சகோதரி உண்டா? பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989இலேயே திருமணமாகாத மகள்களுக்கு உரிமை வந்தது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் திருமணமான மகள்களையும் சேர்த்துவிட்டன. அம்மாவின் பங்கு தனி. எல்லோரும் உட்கார்ந்து பேசி, வீட்டை எடுத்துக்கொள்பவர் மற்றவர்களின் பங்குக்குரிய தொகையைக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு, வீட்டைச் சீராக்கியபின் தகராறு வந்து, பூட்டிக் கிடக்கும் வீடுகளை நான் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பார்க்கிறேன். பூட்டிய ஓட்டு வீடு இரண்டு மழைக்குத் தாங்காது.

பேட்டைவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் இதுதான்.

எல்லைக்கு எழுத்தில் பதில் வந்துவிட்டது. வீடு 100 மீட்டருக்கு வெளியே, கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வருகிறது. பழுதுபார்ப்புக்கும் கொட்டகை மாற்றத்துக்கும் நடைபாதைக்கும் சேர்த்து வரைபடத்தோடு அனுமதி கேட்டிருக்கிறோம். அக்கா ஓசூரில் இருக்கிறார். அவரையும் தம்பியையும் அம்மாவையும் வைத்துப் பேசினோம். தம்பிக்கு ரொக்கமாகவும், அக்காவுக்குப் பர்கூர்ப் பக்கம் இருக்கும் நிலத்திலும் பங்கு என்று முடிவாகியிருக்கிறது. தம்பிக்கு இன்னும் முழு மனது இல்லை. ஆனாலும் திருப்புளியை எடுத்துக்கொண்டு என்னோடு பரணில் ஏறியவன் அவன்தான். கரையான் தெரிந்த உத்திரம் உள்ளே கெட்டியாக இருக்கிறது. கரையானே தெரியாத அடுத்த உத்திரத்தின் முனையில் திருப்புளி கைப்பிடி வரை போயிற்று.

பாரூர் அக்கா, உங்கள் கேள்வியை மனைவியிடம் காட்டினேன். அவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிட்டார். நடைக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கு அறை அம்மாவுக்கு. அங்கிருந்து தாழ்வாரம் வழியாகப் படி ஏறி இறங்காமல் குளியலறை வரை ஒரே மட்டத்தில் போக வேண்டும். பின்கட்டு வாசற்படியின் உயரம் மட்டும் குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் மரச்சரிவு போடலாம் என்கிறார் தச்சர். கொட்டகையில் அம்மாவுக்கு ஒரு குளியலறை, கதவு மூன்றடி அகலம், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும்படி. பிள்ளைகள் படிக்க மேற்குத் தாழ்வாரம். மனைவியின் அலுவலக வேலைக்குத் தெற்கு அறை, அதில் மட்டும் மரக்கூரைத் தடுப்புப் போட்டு ஏசி. ஏசித் தண்ணீர்க் குழாயைச் சுவரோரம் விடாமல் தொட்டிப் போக்கில் சேர்க்க வேண்டும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். சமையலறைக்குக் கண்ணாடி ஓடு எட்டு வேண்டுமாம்.

கொத்தனார் ஐயா, எந்த மாதம் எதைத் தொடங்குவது? சுண்ணாம்பு வேலைக்கு நீங்களே வர முடியுமா? கடுக்காய் எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

தகடூர் கொத்தனார் எழுதியது:

வருகிறேன் தம்பி. தை பிறந்ததும் ஓடையும் கூரையும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் இடிமழை திடீரென்று கொட்டும், அதற்குள் ஓடு ஏறிவிட வேண்டும். கூரை இறங்கியிருக்கும் நேரத்தில் சுவரின் தலைப்பகுதியைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். மண்சாந்துச் சுவருக்கு மேலிருந்து தண்ணீர் இறங்கினால் அதைவிடக் கெடுதல் இல்லை. மாசியிலேயே உள்பூச்சை உரித்துவிட்டு, கோடை முழுக்க ஆறட்டும். அந்த இடைவேளையில் கொட்டகை வேலையையும் மின்கம்பி வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை வைகாசியில் நீற்றிப் போட்டுவைத்தால் ஆடிக்குப் பூசலாம். வெயில் தணிந்திருக்கும், பூச்சு நிதானமாக இறுகும்.

கடுக்காய் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அரூரில் சித்தேரி மலைக்காய் வந்தால் நான் வாங்கி வருகிறேன். கையில் கனமாக, உடைத்தால் உள்சதை மஞ்சளாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். வண்டு துளைத்தது உதவாது. முதலில் நடையில் கதவுக்குப் பின்னால் ஒரு முழம் சதுரத்துக்கு மட்டும் பூசிக் காட்டுகிறேன். உங்கள் மனைவியும் அம்மாவும் பார்த்து, நிறமும் வழவழப்பும் பிடித்திருக்கிறது என்று சொன்னபிறகு மற்ற சுவர்களைத் தொடுவோம்.